கையெழுத்துப் போடும் முன் கீட்டனைக் கொஞ்சம் பாருங்கள்

கேள்வி: ஐயா, நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து யூடியூபில் வசனமே இல்லாத நகைச்சுவை வீடியோக்கள் போடுகிறோம். சொந்தக் காசு, சொந்தக் கேமரா. இப்போது ஒரு பெரிய கம்பெனி என்னை மட்டும் மாதச் சம்பளத்துக்குக் கூப்பிடுகிறது. நான் கும்பிடும் சாமி, பேசாப்பட காலத்து அமெரிக்க நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன். அவரும் பெரிய கம்பெனிக்குப் போய்த்தான் கெட்டார் என்றேன். "அவர் விழுந்தது பேசும்படம் வந்ததால், கம்பெனியால் இல்லை. பேசாமல் கையெழுத்துப் போடு" என்கிறார் அப்பா. யார் சொல்வது சரி? - ஒரு வாசகர், திருச்சி

பதில்: தம்பி, அப்பா சொல்வது ஊரெல்லாம் சொல்லும் கதைதான். சில நடிகர்களுக்கு அது பொருந்தவும் செய்யும். கீட்டனுக்குப் பொருந்தாது.

பேச்சுக்குப் பயப்படும் ஆளா அவர்? 1895-இல் கான்ஸாஸ் மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் பிறந்தார். அப்பா, அம்மா இருவரும் ஊர் ஊராகப் போய் மேடையேறும் கலைஞர்கள். நடை பழகிய வயதிலேயே பையனையும் மேடையில் ஏற்றிவிட்டார்கள். முதுகுச் சட்டையில் சூட்கேஸ் கைப்பிடியைத் தைத்து, அதைப் பிடித்து அப்பா அவரைத் தூக்கி வீசுவார். விழுந்ததும் பையன் சிரித்தால் கூட்டம் சிரிப்பதில்லை, முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டால் கொட்டகை அதிர்கிறது. அந்தக் கல்முகம் பிறந்த கதை அதுதான். குரலோ கரகரப்பான கனத்த குரல், கடைசி வரிசைவரை கேட்டுப் பழகியது. அவருடைய முதல் பேசும்படங்கள் நல்ல வசூலும் பார்த்தன. 1929-இல் வந்த 'ஸ்பைட் மேரேஜ்' படத்தை ஒலியோடு எடுக்கலாம் என்று கேட்டவரே கீட்டன்தான். வேண்டாம் என்றது அவர் அப்போது சம்பளத்துக்கு இருந்த எம்ஜிஎம் என்ற பெரிய ஹாலிவுட் கம்பெனி. இதை அப்பாவிடம் சொல்லுங்கள்.

அப்புறம் எதனால் விழுந்தார்? அதற்கு அவர் எப்படி வேலை செய்தார் என்று பார்க்க வேண்டும்.

1917-இல் நியூயார்க்கில் நகைச்சுவை நடிகர் ராஸ்கோ ஆர்பக்கிள் அவரைப் படத்துக்குள் இழுத்தார். 1920-இல் தன் பெயரிலேயே ஸ்டூடியோ. அங்கே முழுக்கதையும் எழுதி முடித்து எடுக்கும் வழக்கமே இல்லை. தொடக்கம் தெரியும், முடிவு தெரியும், நடுவில் உள்ளதை அந்த இடத்தில் நின்று கண்டுபிடிப்பார்கள். யோசனை ஓடவில்லையா, எல்லோரும் பேஸ்பால் ஆடப் போய்விடுவார்கள். யாருக்காவது பொறி தட்டினால் மட்டையைப் போட்டுவிட்டுத் திரும்புவார்கள். 'தி ஜெனரல்' (1926) படத்தில் எரியும் பாலம் இடிந்து ரயில் ஆற்றில் விழுகிறதே, அது நிஜ ரயில், நிஜ ஆறு. ஒரே தடவைதான் எடுக்க முடியும்.

'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' (1928) சுவர்க் காட்சியை நீங்கள் நூறு தடவை பார்த்திருப்பீர்கள். இன்னொரு தடவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். புயலில் வீட்டின் முன்பக்கம் அப்படியே அவர்மேல் சாய்கிறது. ஏறக்குறைய 2 டன் எடை. மாடி ஜன்னல் திறந்திருப்பதால் அந்த ஓட்டைக்குள் அவர் நிற்கிறார். தலைக்கும் தோளுக்கும் சில அங்குல இடைவெளிதான். கால் கொஞ்சம் தள்ளி நின்றிருந்தால் ஆள் காலி. படக்குழுவில் சிலர் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்களாம். இவர் அசையவில்லை. எந்தக் கம்பெனி மேலாளர் இதற்கு அனுமதி தருவார், சொல்லுங்கள்!

ஆனால் ஒரு சங்கதி. ஸ்டூடியோவில் பெயர்தான் கீட்டனுடையது. பணம் போட்டது ஜோசப் ஷென்க். கீட்டன் மனைவி நடாலியின் அக்கா நார்மாவைக் கட்டியவர். அதாவது சகலை. படங்களின் உரிமை கீட்டன் கையில் இல்லை. அதே காலத்து நகைச்சுவை நடிகர்களான சாப்ளினும் ஹெரால்ட் லாயிடும் தங்கள் படங்களைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள், இவர் அதையெல்லாம் யோசிக்கவே இல்லை. 'ஜெனரல்' போட்ட பணத்தை எடுக்கவில்லை. கடைசியில் ஸ்டூடியோவை மூடிவிட்டு எம்ஜிஎம்முக்குப் போ என்றார் சகலை. எம்ஜிஎம்மின் தாய்க் கம்பெனியை நடத்தியவர் சகலையின் தம்பி நிக்கலஸ். தெரிந்த இடம்தானே! போகாதே என்று சாப்ளினும் லாயிடும் எச்சரித்தார்கள். வாரம் 3,000 டாலர் சம்பளம். போனார்.

அங்கே முதல் படமான 'தி கேமராமேன்' (1928) அருமையான படம்தான். கதையைக் குறைக்கச் சொல்லிப் போராடி எடுத்தது. அதன் பிறகு பிடி இறுகியது. எழுத்தாளர் பட்டாளம் எழுதும், மேலிடம் ஒப்புதல் தரும், இவர் வந்து நடித்துவிட்டுப் போக வேண்டும். பழைய ஆட்களும் ஒவ்வொருவராகச் சிதறினார்கள். போதாததற்கு வாய் ஓயாத நகைச்சுவை நடிகர் ஜிம்மி டுராண்டேயை ஜோடி சேர்த்துவிட்டார்கள். குடி, 1932-இல் விவாகரத்து, 1933-இல் வேலை நீக்கம். அதே எம்ஜிஎம்மில் பின்னால் வாரம் 100 டாலருக்குப் பிறர் படங்களுக்கு நகைச்சுவை யோசித்துக் கொடுத்தார். 1928-இல் எம்ஜிஎம்முக்குப் போனதுதான் வாழ்க்கையில் செய்த பெரிய தப்பு என்று சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். அதற்காக அழிந்துபோனார் என்று நினைக்காதீர்கள். 1940-இல் எலினோரை மணந்து கடைசிவரை நன்றாக வாழ்ந்தார், 1960-இல் கௌரவ ஆஸ்கர் கிடைத்தது, 1966-இல் மறைந்தார்.

சரி, உங்கள் விஷயம். சம்பளம் பாவமில்லை. வீட்டில் கடன் இருந்தால் நானே போகச் சொல்வேன். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது 'என்னை மட்டும்' என்ற இரண்டு வார்த்தைகள். கேமரா பிடிப்பவரையும் எடிட் செய்பவரையும் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் போனால் கம்பெனிக்குக் கிடைப்பது உங்கள் முகம்தான். அவர்களையும் எடுப்பார்களா என்று முதலில் கேளுங்கள். சேனலும் பழைய வீடியோக்களும் உங்கள் நாலு பேர் பெயரிலேயே இருக்கட்டும். எடிட்டில் கடைசி வார்த்தை யாருடையது என்பது வாய்ப்பேச்சாக இல்லாமல் எழுத்தில் வரட்டும். முதலில் ஒரு வருடத்துக்கு மேல் கட்டுப்பட வேண்டாம். ஒப்பந்தத்தைப் படிக்க நீங்களே காசு கொடுத்து ஒரு வக்கீலை வையுங்கள், சொந்தக்காரர் சிபாரிசு வேண்டாம். இதற்கெல்லாம் முகம் சுளித்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

இந்த ஞாயிறு அப்பாவை உட்கார வைத்து 'தி கேமராமேன்' போடுங்கள். அடுத்து, எம்ஜிஎம்மின் பிடி இறுகிய பிறகு வந்த 'ஃப்ரீ அண்ட் ஈஸி' (1930). இருபது நிமிடம் பார்த்தால் போதும். முழுசாகப் பார்க்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.