பணம் வந்தால் தனிமையும் கூடவே வருமா?

"நல்ல சம்பளம், சொந்த வீடு, கடன் கிடையாது. ஆனாலும் மனம்விட்டுப் பேச ஓர் ஆள் இல்லை. வசதி வந்தாலே தனிமையும் வந்துவிடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் ராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊரான கீழக்கரைக்காரி. தலைமுறை தலைமுறையாக வெளிநாட்டுப் பணம் புழங்கும் ஊர். அதனால் இந்தக் கேள்வியை இங்கே தினமும் கண்ணால் பார்க்கிறேன்.

முதலில், பணத்தின் மேல் முழுப் பழியையும் போட்டுவிட வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கைப்படி உலகில் 6 பேரில் ஒருவர் தனிமையில் வாடுகிறார். ஆனால் வருமானம் குறைந்த நாடுகளில் அது ஏறக்குறைய 24 சதவீதம், பணக்கார நாடுகளில் 11 சதவீதம்தான். யோசித்தால் இதில் ஆச்சரியம் இல்லை. கையில் காசில்லாதவர் பஸ் ஏறிச் சொந்தபந்தத்தைப் பார்க்கப் போக முடியாது; கல்யாண வீட்டுக்கு வெறுங்கையோடு போகவும் கூசும். இல்லாமை தானாக ஆட்களைக் கூட்டி வந்துவிடாது.

ஆனால் பணம் வேறொன்றைச் செய்கிறது. அடுத்தவர் வாசலில் போய் நிற்க வேண்டிய தேவைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிடுகிறது.

எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்தில் வாப்பா ஒரு முழுப் பாரை மீன் வாங்கி வந்தால், அதை அன்றைக்கே தீர்த்தாக வேண்டும். உம்மா நறுக்கும்போதே பங்கு பிரித்துவிடுவார். நடுத்துண்டு லாத்தா (அக்கா) வீட்டுக்கு, தலை எதிர்வீட்டுக்கு. சட்டி திரும்பி வரும்போது வெறுஞ்சட்டியாக வராது. முருங்கைக்கீரையோ நாலு அடையோ இருக்கும். கொண்டு வந்தவர் அரைமணி நேரம் உட்கார்ந்து ஊர்க்கதை பேசாமல் எழுந்திருக்க மாட்டார். இப்போது அதே மீன் பாலிதீன் பைகளில் ஃப்ரீசருக்குள் போகிறது. யாரும் கெட்டவர்களாகிவிடவில்லை. கொடுக்க வேண்டிய அவசரம் போய்விட்டது, அவ்வளவுதான். கரண்ட் போனால் தெருவே திண்ணைக்கு வந்துவிடும். இன்வெர்ட்டர் வந்த பிறகு யாரும் வருவதில்லை. எங்கள் பக்கம் பெண்ணுக்கு வீடு கொடுப்பது வழக்கம் என்பதால் அக்கா தங்கைகள் அடுத்தடுத்த வீடுகளில் இருப்பார்கள். அதில் பல வீடுகள் இன்று பூட்டிக் கிடக்கின்றன. குடும்பங்கள் சென்னையிலும் துபாயிலும்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். சவூதியில் நெடுநாள் வேலை பார்த்துத் திரும்பியவர். பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். சமையலுக்கு ஆள், மாத்திரைக்கு டப்பா, கூடத்தில் கேமரா. இரவு கொஞ்சம் நேரமானால், "வாப்பா, இன்னும் தூங்கலையா?" என்று போன் வரும். எல்லாம் இருந்தது, அவரிடம் எதையாவது கேட்டு வர மட்டும் யாருமில்லை. ஒரு நாள் பக்கத்துத் தெருப் பையன் தன் வேலை ஒப்பந்தத்தோடு வந்து, "இதுல என்ன போட்டிருக்குன்னு பாருங்க பெரியப்பா" என்று நின்றான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார். ஓவர்டைம் எங்கே எழுதியிருக்கிறது, அங்கே தங்குவதற்கான அனுமதி அட்டை, அதாவது இக்காமா, அதன் செலவு யார் தலையில், எதைக் கேட்காமல் கையெழுத்துப் போடக்கூடாது என்று பிற்பகல் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லும்வரை பேசினார். இப்போது வெளிநாடு கிளம்பும் பையன்கள் அவரைப் பார்க்காமல் போவதில்லை. அவருக்கு வேண்டியிருந்தது இதுதான் என்று நினைக்கிறேன். தன்னைக் கவனிக்க ஆள் இருந்தது. தன்னைத் தேடி வர ஆள் இல்லாமல் இருந்தது.

மீனவர் ஊர்களில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? படகு கடலுக்குள் போய் வலையை வளைத்து விட்டு வரும். கயிற்றின் இரண்டு முனையையும் கரையில் இரண்டு கூட்டம் பிடித்து இழுக்கும். மீன் சேரும் பை போன்ற மடி கரைக்கு நெருங்க நெருங்க இரண்டு கூட்டமும் ஒன்றாகிவிடும். நேற்றுச் சண்டை போட்டவர்கள் அடுத்தடுத்து நின்று இழுப்பார்கள். பாசம் வந்த பிறகு கயிற்றைப் பிடிப்பதில்லை அவர்கள். இழுப்பதற்கு ஆள் வேண்டும், அதனால் பேச்சும் தொடர்கிறது.

ஊர் வாழ்க்கை சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். எங்கே போகிறாய், ஏன் போகிறாய் என்ற கேள்வி பெண்களுக்கு இன்றும் ஓயவில்லை. அதற்குப் பயந்தே நகரத்துக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் மேல் எனக்குக் குறையே இல்லை. ஆனால் மவுத்தான, அதாவது சாவு விழுந்த, வீட்டில் அடுப்பெரிய விடாமல் பக்கத்து வீடுகள் சாப்பாடு அனுப்பியதை அனுபவித்தவள் என்ற முறையில், அந்தத் தொல்லையைச் சேர்த்தே எனக்கு ஊர் வேண்டும்.

சரி, உங்களுக்கு என்ன செய்வது? நண்பர்களைத் தேடி அலைய வேண்டாம், ஆள் குறைவாக இருக்கும் ஒரு வேலையைத் தேடுங்கள். நோன்பு மாதத்தில் எங்கள் பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சவும் தூக்குச்சட்டிகளில் ஊற்றிக் கொடுக்கவும் எப்போதும் கை போதாது. உங்கள் பகுதியிலும் அப்படி ஒன்று இருக்கும்: கோயில் அன்னதானம், பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலைப் பாடம், ரத்ததானக் குழு. ஒரு நாள் போய்விட்டு நிறுத்தாமல், நீங்கள் வராவிட்டால் "ஏன் வரல?" என்று கேட்கும்வரை போங்கள்.

அப்புறம், சின்ன விஷயத்துக்கெல்லாம் ஆப்பில் ஆர்டர் போடாதீர்கள். ஏணி வேண்டுமா, பக்கத்து வீட்டில் கேளுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. திருப்பிக் கொடுக்கும்போது கையில் ஏதாவது கொண்டு போங்கள். அவர்கள் உங்களிடம் ஒன்று கேட்டு வரும் நாளில், வாசலிலேயே கொடுத்து அனுப்பாமல் உள்ளே கூப்பிட்டு ஒரு டீ போட்டுக் கொடுங்கள்.