கொலையாளி தெரிந்த பிறகு

கேள்வி: அகதா கிறிஸ்டியின் 'எ மர்டர் இஸ் அனவுன்ஸ்டு' நாவலை நான்காவது முறையாகப் படிப்பதாகச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். கொலையாளி யாரென்று தெரிந்துவிட்டால் துப்பறியும் கதையில் என்ன மிச்சம்? அதுவும் ஊர்வம்பு பேசிக்கொண்டு ஸ்வெட்டர் பின்னும் ஒரு கிழவி, ஆதாரமே இல்லாமல் யூகத்தில் கண்டுபிடிக்கிற கதை. அந்த நேரத்தில் நல்ல இலக்கியம் எதையாவது படிக்கக் கூடாதா?

பதில்: மிஸ் மார்ப்பிளுக்கு வயதாகிவிட்டது, ஸ்வெட்டர் பின்னுகிறார், வம்பும் கேட்கிறார். எல்லாம் சரி. ஆனால் 'ஆதாரமே இல்லாமல்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதை என்னால் விட முடியாது. நீங்கள் இந்த நாவலை ஒரே ஒரு முறைதான், அதுவும் வேகமாகப் படித்திருக்கிறீர்கள்.

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1950-ல் வெளிவந்த நாவல் இது. சிப்பிங் கிளெக்ஹார்ன் என்ற ஆங்கிலேயக் கிராமத்தில், காலையில் வரும் உள்ளூர்ப் பத்திரிகையின் வரி விளம்பரங்களுக்கு நடுவே ஓர் அறிவிப்பு: அக்டோபர் 29, வெள்ளிக்கிழமை மாலை 6.30 மணிக்கு 'லிட்டில் பேடக்ஸ்' வீட்டில் ஒரு கொலை நடைபெறும். ஏதோ விளையாட்டு என்று ஊரார் ஆளுக்கொரு சாக்குச் சொல்லிக்கொண்டு அங்கே போய்ச் சேருகிறார்கள். ஆறரைக்கு விளக்கு அணைகிறது. டார்ச் வெளிச்சம், துப்பாக்கிச் சத்தம். மறுபடி வெளிச்சம் வந்தபோது வீட்டுக்காரி மிஸ் பிளாக்லாக்கின் காதிலிருந்து ரத்தம் வழிகிறது. முகமூடி போட்ட இளைஞன் ஒருவன் செத்துக் கிடக்கிறான்.

அவன் பெயர் ரூடி ஷெர்ஸ். ஒரு ஹோட்டலில் ரிசப்ஷனில் வேலை பார்த்த ஸ்விட்சர்லாந்துக்காரன். வாத நோய்க்குச் சிகிச்சைக்காக மிஸ் மார்ப்பிள் அந்த ஹோட்டலில்தான் தங்கியிருந்தார். அவர் ஏழு பவுண்டுக்கு எழுதிய செக்கைப் பதினேழாகத் திருத்தியிருக்கிறான். இதைக் கண்டதும் அவருக்குத் தன் ஊர் மீன்கடைப் பையன் பிரெட் டைலர் ஞாபகம் வருகிறது. பில்லில் ஷில்லிங் எழுதும் இடத்தில் ஒரு 1-ஐக் கூடுதலாகப் போட்டுவிடுவான். நீளமான பில்லை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு தடவையும் பத்து ஷில்லிங் கிடைக்கும். கழுத்துக்கு டை வாங்கலாம், பெண்ணை சினிமாவுக்குக் கூட்டிப் போகலாம்.

நீங்கள் வம்பு என்று சொல்வது இதைத்தான். இந்த வம்பிலிருந்து அவர் எடுக்கும் முடிவைப் பாருங்கள்: இப்படிச் சில்லறைத் திருட்டு செய்கிற பையன் துப்பாக்கியோடு ஒரு வீட்டுக்குள் புக மாட்டான், யாரோ காசு கொடுத்து நடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். இதில் யூகம் எங்கே இருக்கிறது? ஓர் ஊரில் அறுபது எழுபது வருஷம் இருந்து, மனிதர்கள் எதுவரை போவார்கள், எந்த இடத்தில் நின்றுவிடுவார்கள் என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்த கணக்கு அது. கைரேகையைப் போல அதுவும் ஆதாரம்தான். ஆய்வுக்கூடத்தில் கிடைக்காது, அவ்வளவுதான்.

இனி கொலையாளியின் பெயரைச் சொல்லாமல் எழுத முடியாது. நாவலைப் படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு, புத்தகத்தை முடித்துவிட்டு வாருங்கள்.

நாவல் முழுக்க லெடிஷியா என்ற பெயரில் வரும் மிஸ் பிளாக்லாக், உண்மையில் லெடிஷியா இல்லை. அவள் தங்கை ஷார்லட். சின்ன வயதில் கழுத்தில் பெரிய கழலை வந்து, அவமானத்தில் வீட்டுக்குள்ளேயே ஒடுங்கிப் போனவள். அப்பா டாக்டர், ஆனால் அறுவை சிகிச்சைக்குச் சம்மதிக்காதவர். அவர் இறந்த பிறகுதான் அக்காள் அவளை ஸ்விட்சர்லாந்துக்குக் கூட்டிப் போய்ச் சரி செய்கிறாள். பிறகு அக்காள் நிமோனியாவில் இறந்துபோகிறாள். அக்காளுக்குப் பெரிய சொத்து வர வேண்டியிருந்தது. தங்கை அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு, தழும்பை முத்துமாலையால் மறைத்துக்கொண்டு, யாருக்கும் தன்னைத் தெரியாத ஊரில் வந்து குடியேறுகிறாள். ஷெர்ஸ் அவளை ஸ்விட்சர்லாந்திலேயே பார்த்தவன். அதனால்தான் அவள் அவனைக் கொன்றாள்.

இப்போது டோரா பன்னரிடம் வாருங்கள். பள்ளிக்கூடத் தோழி. வயதாகி, வறுமையில், உதவி கேட்டுக் கடிதம் போட்டவள். பழைய பாசத்தில் ஷார்லட் அவளைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொள்கிறாள். டோராவுக்கு உண்மை தெரியும். ஆனால் ஞாபகம் தடுமாறும். லெடிஷியாவின் செல்லப்பெயரான 'லெட்டி' என்று கூப்பிட வேண்டியவள் சில நேரம் 'லாட்டி' என்று, அதாவது ஷார்லட்டின் செல்லப்பெயரைச் சொல்லிவிடுகிறாள். முதல் தடவை படித்தபோது அச்சுப்பிழை என்று நினைத்துக் கடந்து போனேன். பிழை திருத்துவதே பிழைப்பான நான்! ஆங்கிலத்தில் ஒரே ஓர் எழுத்து. கொலையாளியின் பெயர் கண்ணெதிரே அச்சாகிக் கிடந்திருக்கிறது. இரண்டாம் முறை அந்த எழுத்து வரும் இடமெல்லாம் எனக்குப் படபடப்பாக இருந்தது. டோரா, பேசாதே, வாயை மூடு என்று சொல்ல வேண்டும்போல இருந்தது.

கொலையாளி தெரிந்த பிறகு என்ன மிச்சம் என்று கேட்டீர்கள். இதுதான் மிச்சம். முதல் முறை நாம் எல்லோரையும் சந்தேகிக்கிறோம். மறுமுறை இரண்டு வயதான பெண்கள் ஒரே வீட்டில் இருப்பதைப் பார்க்கிறோம். ஒருத்தி இன்னொருத்தியை உண்மையாகவே நேசிக்கிறாள், அவளையே கொல்லவும் போகிறாள். டோராவின் பிறந்த நாளுக்கு விருந்து, ரேஷன் காலத்தில் வெண்ணெயும் சாக்லேட்டும் போட்ட கேக். அந்த நாள் அவளுக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று ஷார்லட் செய்த ஏற்பாடு அது. அதன் பிறகு ஆஸ்பிரின் பாட்டிலில் விஷம். டோராவுக்காக அவள் அழுத அழுகை நடிப்பில்லை. இதை முதல் வாசிப்பில் உணர வழியே இல்லை.

மர்கட்ராய்டின் சாவும் அப்படித்தான். மிஸ் ஹிஞ்ச்கிளிஃப் என்ற முரட்டுப் பெண்மணியோடு ஒரே வீட்டில் வாழும் சாதுவான, தடுமாற்றமான பெண். அவள் கழுத்து நெரிக்கப்பட்டுக் கிடப்பதை ஹிஞ்ச்கிளிஃப் பார்க்கும் இடத்தில் கிறிஸ்டி அலட்டல் இல்லாமல் எழுதியிருப்பதைப் போய்ப் பாருங்கள். 'நல்ல இலக்கியம்' என்று நீங்கள் கேட்டது அங்கே இருக்கிறது.

இந்தப் புத்தகத்தில் இன்னொரு துயரமும் உண்டு, அது ஊரின் துயரம். போருக்கு முன்னால் கிராமத்தில் யார் வந்தாலும், அவர்கள் இன்னாருடைய உறவு, இன்னாருக்குத் தெரிந்தவர் என்று ஒரு வேர் இருந்தது. இப்போது யார் யாரென்று யாருக்கும் தெரியாது. அவரவர் சொல்வதை நம்ப வேண்டியதுதான். மிஸ் மார்ப்பிள் இன்ஸ்பெக்டர் கிராடக்கிடம் சொல்வது இதைத்தான். 1939-ல் போரோடு வந்த அடையாள அட்டை பிரிட்டனில் 1952 வரை இருந்தது. சாதாரண மக்களின் அட்டையில் போட்டோ கிடையாது. ரேஷன் 1954 வரை நீடித்தது. ஒரு தங்கை அக்காளாகிவிட முடிந்தது அந்தக் காலத்தில்தான். அங்கே புதிர் தனியாகவும் சமூகம் தனியாகவும் இல்லை. எனக்கு இந்த நாவல் மிகவும் பிடிப்பதற்குக் காரணம் அது.

குறை இல்லை என்று சொல்ல மாட்டேன். சமையல்காரி மிட்ஸி போரில் வீட்டாரைப் பறிகொடுத்து ஓடி வந்த அகதி. அவளுடைய பயத்தைக் கிறிஸ்டி சிரிப்புக்குப் பயன்படுத்தியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் அது எனக்கு உறுத்துகிறது. சொத்துக்கு அடுத்த வாரிசுகளான இரட்டையர் இருவருமே அந்த வீட்டிலேயே வந்து இருப்பதும் நம்புவதற்குக் கொஞ்சம் அதிகம்தான்.

யூகம் என்ற உங்கள் சொல்லுக்குத் திரும்புகிறேன். 'புளூபேர்ட்' காபிக் கடையில் டோராவும் மிஸ் மார்ப்பிளும் பேசும் அத்தியாயத்தை எடுங்கள். டோரா தன் தோழியைப் பற்றிப் பேசிக்கொண்டே போகிறாள். ஒரு நேரம் அந்தத் தோழி திடமானவள், எதையும் சாதிப்பவள்; அடுத்த நேரம் பாவம், எவ்வளவு கஷ்டத்தைத் தாங்கியவள். இரண்டு பேரைப் பற்றிக் கேட்பது போலிருக்கிறதே என்று அங்கேதான் மிஸ் மார்ப்பிளுக்குத் தோன்றுகிறது. டோரா சொன்னது முழுவதும் உங்களுக்கும் எனக்கும் முன்னால்தான் சொல்லப்பட்டது. நாம் படித்தோம், அவர் காது கொடுத்துக் கேட்டார். அந்தப் பேச்சு முடிவதற்குள் கதவு திறந்து மிஸ் பிளாக்லாக் உள்ளே வருகிறாள். அந்த ஒரு பக்கத்தையாவது இன்னொரு முறை படித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.