‘படபடன்னு வருது’ – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் நியூஜெர்சியில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். டாக்டராக வேண்டும் என்பது திட்டம். இங்கே முதலில் நான்கு வருடப் பட்டப்படிப்பு, அதற்கப்புறம்தான் மருத்துவக் கல்லூரி. வேதியியல், உயிரியலோடு ஸ்பானிஷை மைனராக (துணைப்பாடமாக) எடுக்க ஆசை. அப்பா வேண்டாம் என்கிறார். ஒரு ‘பி’ வந்தாலும் ஜிபிஏ (மதிப்பெண் சராசரி) விழும், அந்த நேரத்தில் மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட்டுக்குப் படி என்கிறார். தோழியோ லத்தீன் படித்தால் மருத்துவச் சொற்கள் சுலபமாகும் என்கிறாள். ஸ்பானிஷ் எடுத்தால் விண்ணப்பத்தில் மதிப்புக் கூடுமா? போனிலேயே மொழிபெயர்ப்பு வந்துவிட்ட காலத்தில் இது தேவைதானா? தமிழில் எழுதிப் பழக்கமில்லை, பிழைகளை மன்னிக்கவும்.

ந.

அன்புள்ள ந.,

பிழைகளைத் திருத்திவிட்டேன். ‘வேதியியல்’ ‘வேதியல்’ என்று இருந்தது. அதையெல்லாம் மன்னித்துவிடலாம். ‘மதிப்புக் கூடுமா’ என்று கேட்டதைத்தான் மன்னிக்கக் கஷ்டமாக இருக்கிறது.

லத்தீனைத் தள்ளுங்கள். வேர்ச்சொல் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு கோடை விடுமுறையில் முடிக்கிற வேலை அது. எந்த நோயாளியும் லத்தீனில் முனகுவதில்லை. ஜிபிஏ பற்றி அப்பா சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. மொழிப் பாட மதிப்பெண் அறிவியல் ஜிபிஏவில் சேராது, மொத்த ஜிபிஏவில் சேரும். ஆர்கானிக் கெமிஸ்ட்ரி எடுக்கிற செமஸ்டரில் மட்டும் ஸ்பானிஷை வைத்துக்கொள்ளாதீர்கள். சரி, அது முடிந்தது.

2009இல் என் அம்மா சிகாகோவுக்குப் பக்கத்தில் தங்கை வீட்டில் ஆறு மாதம் இருந்தார். ஒருநாள் காலையில் “படபடன்னு வருது” என்றார். ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தங்கை வரவேற்பில் இன்சூரன்ஸ் தாள்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, பாட்டியோடு உள்ளே போனது பதினோரு வயதுப் பேரன். டாக்டர் என்ன செய்கிறது என்று கேட்டார். “படபடன்னு வருதுப்பா, சொல்லு” என்றார் அம்மா. “ஷி இஸ் நெர்வஸ்” என்றான் அவன்.

அவனைக் குறை சொல்ல முடியாது. அவன் வீட்டில் கேட்ட தமிழில் படபடப்பு என்பது பரீட்சைக்கு முந்தின நாள் வருவது. டாக்டரும் நல்லவர்தான். ஊர் புதிது, குளிர் புதிது, போகப் போகச் சரியாகும் என்று அம்மாவின் கையைத் தட்டிக்கொடுத்து, தூங்குவதற்கு ஒரு மாத்திரை எழுதினார். “ஒண்ணுக்குப் போனா எரியுது” என்றும் அம்மா சொல்லியிருக்கிறார். அதைப் பையன் மொழிபெயர்க்கவே இல்லை. பிறகு கேட்டபோது காது சிவக்க நின்றான்.

மூன்று வாரம் கழித்து வேறோர் இடம். அங்கே போன் வழியாக ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துக் கொடுத்தார்கள். யாழ்ப்பாணத்துப் பெண்மணி. அவர் உடனே மொழிபெயர்க்கவில்லை. டாக்டரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு அம்மாவிடம் திருப்பிக் கேட்டார்: “நெஞ்சு இடிக்குதோ, இல்லாட்டி மனம் பதறுதோ அம்மா?”

“நெஞ்சுதாம்மா. குருவி மாதிரி அடிச்சுக்குது.”

ஈசிஜி எடுத்தார்கள். துடிப்பு தாறுமாறாக இருந்தது.

மருத்துவமனைகள் குழந்தைகளை மொழிபெயர்ப்பாளராக நம்பி வேலை செய்யக்கூடாது, அவசரநிலை தவிர, என்று அமெரிக்க மத்திய அரசின் விதி 2016இல் வந்தது. எங்களுக்கு ஏழு வருடம் தாமதம்.

குழந்தை என்பதால் நடந்தது என்று நினைக்காதீர்கள். 1980இல் புளோரிடாவில் பதினெட்டு வயதுப் பையன் ஒருவனை மயங்கிய நிலையில் கொண்டுவந்தார்கள். கியூபக் குடும்பம். ‘இன்டாக்ஸிகாடோ’ என்றார்கள். அவர்கள் ஊர் ஸ்பானிஷில், சாப்பிட்டது ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருள். டாக்டரின் காதில் அது ஆங்கில ‘இன்டாக்ஸிகேட்டட்’ ஆக விழுந்தது: போதை. இரண்டு நாளுக்கு மேல் போதைமருந்து கேஸாகவே பார்த்தார்கள். உண்மையில் மூளைக்குள் ரத்தக்கசிவு. பையனுக்குக் கையும் காலும் செயலிழந்து போயின. வழக்கு ஏறக்குறைய 7.1 கோடி டாலரில் தீர்ந்தது. புரியவில்லை என்று தோன்றியிருந்தால் யாரையாவது கூப்பிட்டிருப்பார்கள். புரிந்துவிட்டது, அதனால்தான் கூப்பிடவில்லை.

உங்கள் விஷயத்தில் எனக்கிருக்கிற பயமும் இதுதான். மூன்று செமஸ்டர் ஸ்பானிஷ் படித்துவிட்டு, எம்பராசாடா என்று ஒரு பெண் சொன்னதும் அதை ஆங்கில ‘எம்பராஸ்ட்’ என்று எடுத்துக்கொண்டு, பாவம், கூச்சப்படுகிறாள் என்று முடிவுகட்டிவிடுவீர்கள். அவள் கர்ப்பமாக இருக்கிறேன் என்று சொல்லியிருப்பாள். விண்ணப்பத்துக்காகப் படிக்கிறவர்கள் இந்த அளவோடு நிறுத்திவிடுவார்கள். அதற்குப் படிக்காமலே இருக்கலாம், மொழிபெயர்ப்பாளருக்கு வேலையாவது நடக்கும். படித்தால் அந்த யாழ்ப்பாணத்து அம்மாள் அளவுக்குப் படியுங்கள், எந்தச் சொல்லைத் திருப்பிக் கேட்க வேண்டும் என்று தெரிகிற வரைக்கும். போன் மொழிபெயர்ப்பைப் பற்றிக் கேட்டீர்கள். போனும் என் தங்கை மகன் மாதிரிதான், சட்டென்று ஒரு சொல்லைக் கொடுத்துவிடும்.

உங்கள் நாட்டு டாக்டர் ஒருவர் இதை எதிர்த்திசையில் செய்தார். மாசச்சூசெட்ஸ்காரர், சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். மருத்துவம் படித்து முடித்து 1847இல் யாழ்ப்பாணம் வந்தார், தமிழ் படித்தார். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் முதலில் ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பித்தவர், பிறகு தமிழுக்கே மாறினார். உடற்கூறு, அறுவை மருத்துவம், வேதியியல் என்று பாடநூல்களைத் தமிழில் ஆக்கினார். (அவருக்கும் ‘வேதியியல்’ தெரியாது, ‘கெமிஸ்தம்’ என்றுதான் வைத்தார்.) மதம் பரப்ப வந்தவர்தானே என்று யாராவது எனக்குக் கடிதம் எழுதுவார்கள். ஆமாம், அதற்கும்தான் வந்தார். தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவன் என்று தன் கல்லறையில் பொறிக்கச் சொன்னவர். கல்லறை மாசச்சூசெட்ஸின் வூஸ்டரில் இருக்கிறது, உங்களுக்குக் காரில் போகிற தூரம்தான்.

விண்ணப்பத்தில் மதிப்புக் கூடுமா என்று நீங்கள் கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை, இல்லையா? பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் மொழியைக் கட்டாயமாகக் கேட்பதில்லை. அவ்வளவுதான் சொல்வேன்.

இன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் ஒன்று கேளுங்கள். குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், அப்புறம் விலாவில் பிடித்துக்கொள்வது, இந்த ஐந்தையும் உங்கள் டாக்டரிடம் ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வார் என்று. ஒவ்வொன்றுக்கும் வேறு சொல் வர வேண்டும், எல்லாவற்றுக்கும் ‘பெயின்’ என்று சொல்லித் தப்பிக்கக்கூடாது. என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.