பால்மரம் வெட்டிய கால்களுக்கும் பயிற்சி வேண்டும்

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இப்போது சுங்கை சிப்புட்டில் எங்களோடு இருக்கிறார். இனிப்புநீர், முழங்கால் வலி இரண்டும் உண்டு. "உழைத்தது போதும்" என்று நாற்காலியை விட்டு எழுவதே இல்லை. உடற்பயிற்சி செய்யச் சொல்லலாமா?

பதில்: கட்டாயம் சொல்லுங்கள். அன்று உழைத்தது இன்றைய தசையைக் காப்பாற்றாது. உட்கார்ந்தே இருந்தால் தொடை இளைக்கும். தாங்கிப் பிடிக்கத் தசை இல்லாமல் முழங்கால் மூட்டில் பாரம் ஏறும். வலிக்கிறதே என்று மேலும் உட்கார்ந்தால் தொடை இன்னும் இளைக்கும். வேலை செய்யும் தசை இரத்தத்திலுள்ள சீனியை இழுத்துக்கொள்ளும் என்பதால் இனிப்புநீருக்கும் நல்லது. அந்தப் பலன் ஓரிரு நாளில் மங்கிவிடும். சேர்ந்தாற்போல் இரண்டு நாள் விடக்கூடாது.

நாற்காலியிலிருந்தே தொடங்கலாம். பிளாஸ்டிக் நாற்காலி மொசைக் தரையில் வழுக்கும், சுவரோடு ஒட்டிப் போடுங்கள். அம்மா முன்பாதியில் உட்காரட்டும். குதிகாலைச் சற்றுப் பின்னே இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை குனிந்து எழ வேண்டும். பலர் குனியாமல் எழப் பார்ப்பார்கள். அதனால்தான் பின்னால் சாய்ந்து விழுகிறார்கள். நான்கு எண்ணிக்கொண்டே மெதுவாக உட்காரட்டும், தொப்பென்று விழக்கூடாது. முழங்கால்கள் உள்ளே மடங்கக்கூடாது. மூச்சை அடக்கினால் இரத்த அழுத்தம் ஏறும், வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள். எட்டு முறை, இரண்டு நிமிட ஓய்வு, மறுபடி எட்டு. ஒருநாள் விட்டு ஒருநாள் போதும்.

நடைக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது வாரம் 150 நிமிடம். சாப்பிட்ட பிறகு பத்துப் பத்து நிமிடமாக நடந்தே அதைச் சேர்த்துவிடலாம். மதிய வெயிலில் வீட்டுக்குள்ளேயே நடக்கட்டும். பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம். சிலிப்பர் வேண்டாம், பின்பக்கம் மூடிய சப்பாத்து போடட்டும்.

இன்சுலினோ கிளிக்லசைடு என்ற இனிப்புநீர் மாத்திரையோ எடுப்பவர் என்றால் நடக்கும்போது சீனி அளவுக்கு மீறி இறங்கலாம், பையில் மிட்டாய் இருக்க வேண்டும். கை நடுங்கி வியர்த்தால் நின்று, மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கட்டும். நெஞ்சுவலி வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மறுநாள் காலை முழங்கால் வீங்கியிருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், அடியோடு நிறுத்தாதீர்கள்.

மாதம் ஒருமுறை, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை எழுகிறார் என்று எண்ணி நாள்காட்டியில் குறியுங்கள். அவர் வயதில் 11-க்குக் கீழே வந்தால் கீழே விழும் ஆபத்து அதிகம். அரசாங்க கிளினிக்கில் அந்த எண்ணைக் காட்டி பிசியோதெரபி கேளுங்கள்.