வாசகர் கேள்வி-பதில்: எந்தப் பேருந்தைப் பற்றிய சண்டை?

கேள்வி: பெண்களுக்கான கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் குறித்து முகநூலில் முன்பின் அறியாத ஒருவரோடு மூன்று நாள்களாக வாதாடிக்கொண்டிருக்கிறேன். பேரன் வயதுடையவர் போலிருக்கிறது. எடுத்த எடுப்பிலேயே ஒருமையில் பேசுகிறார். பாதியில் விட மனம் வரவில்லை. சாப்பிடும்போதும் போனைக் கீழே வைப்பதில்லை என்று வீட்டில் கோபம். நான் தொடரலாமா?
*ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், கும்பகோணம்*

பதில்: கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டுகளை முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். ஒருமையைப் பிறகு பார்ப்போம்; அதைவிடப் பெரிய சிக்கல் முதல் நாளிலேயே இருக்கிறது. "எங்க அம்மா நேத்துகூட டிக்கெட் எடுத்துட்டுதான் வந்தாங்க, இலவசம்னு கதை விடாதே" என்று அவர் எழுதியிருக்கிறார். "தினமும் என் மனைவி டிக்கெட் இல்லாமல்தான் மார்க்கெட்டுக்குப் போய் வருகிறார், பொய் சொல்லாதீர்கள்" என்று நீங்கள் பதில் எழுதியிருக்கிறீர்கள். 2021 மே மாதம் நடைமுறைக்கு வந்த அந்தத் திட்டம், அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளுக்கு உரியது. நெடுந்தூரம் செல்லும் புறநகர்ப் பேருந்திலும் குளிர்சாதனப் பேருந்திலும் பெண்கள் பயணச்சீட்டு எடுத்துத்தான் ஆக வேண்டும். உங்கள் மனைவி ஏறியது டவுன் பஸ். அந்த அம்மாள் ஏறியது வெளியூர் பஸ்ஸாக இருக்கலாம். இருவரும் உண்மையைச் சொல்லிக்கொண்டே ஒருவரையொருவர் பொய்யர் என்று மூன்று நாள்களாகத் திட்டியிருக்கிறீர்கள். "அம்மா எந்த பஸ்ஸில் வந்தார்கள்?" என்ற ஒரு வரிக் கேள்வியை இருவருமே கேட்கவில்லை.

இரண்டாம் நாள் பேச்சு, 'இலவசங்கள்' பக்கம் திரும்பி, 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில் அளித்த தீர்ப்புக்குப் போகிறது. தேர்தல் அறிக்கையில் தரப்படும் வாக்குறுதிகள் சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகா என்று அத்தீர்ப்பு சொன்னதை நீங்கள் எடுத்து நீட்டுகிறீர்கள். இலவசங்கள் நியாயமான தேர்தலின் ஆணிவேரையே பெருமளவு அசைக்கின்றன என்று அதே தீர்ப்பு சொன்னதை அவர் எடுத்து நீட்டுகிறார். இரண்டும் அந்தத் தீர்ப்பில் இருப்பவைதாம். அதனால்தான் தேர்தல் அறிக்கைகளுக்கு நெறிமுறை வகுக்குமாறு தேர்தல் ஆணையத்துக்கு நீதிமன்றம் கட்டளையிட்டது. ஆளுக்குப் பாதியைக் கிழித்து வைத்துக்கொண்டால் தீர்ப்பு யார் பக்கமும் இல்லாமல் போய்விடுகிறது.

நன்னூல், நூலாசிரியர்கள் கொள்ளும் மதங்கள், அதாவது பிறர் கருத்தை எதிர்கொள்ளும் நிலைப்பாடுகள், ஏழு என்கிறது. உடன்படல், மறுத்தல் ஆகிய இரண்டை அடுத்து, 'பிறர்தம் மதமேற் கொண்டு களைவு' என்று மூன்றாவதாக ஒன்றைப் பவணந்தியார் வைத்திருக்கிறார். எதிராளியின் கொள்கையை முதலில் ஏற்று நின்று, அதன்பின் அதை விலக்குவது என்பது அதன் பொருள். போனில் தட்டச்சு செய்பவர்கள் பெரும்பாலும் இரண்டாவதிலேயே நின்றுவிடுகிறோம். இன்று இரவு ஒன்று செய்து பாருங்கள்: அவருடைய வாதத்தை உங்கள் சொற்களில் இரண்டே வரியில் எழுதி, "இதைத்தானே சொல்கிறீர்கள்?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால் தொடரலாம். அதற்கும் வசைதான் பதிலாக வந்தால், அவருக்குப் பேருந்தைப் பற்றிப் பேசும் எண்ணம் இல்லை என்று தெரிந்துவிடும், அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். பெண்கள் தராத கட்டணத்தைப் போக்குவரத்துக் கழகங்களுக்கு அரசு ஈடுசெய்கிறது என்பது தகவல். அந்தப் பணத்தை அப்படிச் செலவிடலாமா என்பது கருத்து. முதலாவதில் ஒருவர் தோற்க முடியும். இரண்டாவதில் மூன்று நாள் அல்ல, மூன்று மாதம் ஆனாலும் யாரும் தோற்கப்போவதில்லை.

ஒருமைக்கு வருவோம். 'நீ'யா 'நீங்க'ளா என்பதிலேயே பாதிச் சண்டை முடிந்துவிடும் மொழி நம்முடையது. ஓர் ஊரில் உரிமையோடு சொல்லும் 'நீ', அடுத்த ஊரில் அவமரியாதையாகிவிடுகிறது. முகமும் குரலும் இல்லாத இடத்தில் அது எந்த 'நீ' என்று கண்டுபிடிக்க வழியில்லை. மரியாதையைக் கேட்டு வாங்க முனைந்தால், பேருந்து போய்விடும், நீங்களும் அவரும் மட்டும் நிறுத்தத்தில் நிற்பீர்கள். நீங்கள் பன்மையிலேயே எழுதிக்கொண்டிருங்கள். வீட்டில் எழுந்த கோபத்துக்கு என்னிடம் எதிர்வாதம் கிடையாது. சாப்பிடும்போது போனை அடுத்த அறையில் வையுங்கள்.

கேள்வி: இணையச் சமையல் குழு ஒன்றில் சாம்பாருக்கு வெல்லம் சேர்க்கலாமா என்று ஒருவர் கேட்டார். அரை மணி நேரத்தில் அது சாதிப் பேச்சாக மாறிவிட்டது. நான் குழுவிலிருந்து வெளியேறினால் பயந்து ஓடியதாகாதா?
*ஆசிரியை, கோவில்பட்டி*

பதில்: ஆகாது. உடுப்பிச் சமையலில் சாம்பாருக்கு வெல்லம் வழக்கமாகவே சேரும். நம் பக்கத்தில் பலருக்கு அது பிடிக்காது. (வத்தக்குழம்பில் சுண்டைக்காய் அளவு சேர்ப்பேன்; சாம்பாரில் மாட்டேன்.) இதில் நிரூபிக்க எதுவும் இல்லை. ஆனால் "எங்கள் வீட்டில் இப்படிச் செய்வோம்" என்பது "உங்கள் ஆட்கள் அப்படித்தான்" என்று மாறிய அந்த வரி முக்கியமானது. அதற்குப் பதில் எழுதாமல், அந்த வரியை மட்டும் குறிப்பிட்டுக் குழு நிர்வாகிக்குப் புகார் அனுப்புங்கள். அவர் நீக்கவில்லையென்றால் வெளியேறுங்கள்.

கேள்வி: கருத்து எழுதியதற்காகவே கைது செய்யும் சட்டம் இப்போது இல்லை என்கிறார்களே, உண்மையா?
*கல்லூரி மாணவர், திண்டுக்கல்*

பதில்: அவர்கள் சொல்வது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை. எரிச்சலூட்டும், மிகவும் புண்படுத்தும் செய்தி அனுப்பினால் மூன்றாண்டுவரை சிறை என்றது அது. எது எரிச்சல் என்று மட்டும் சொல்லவில்லை. 2012 நவம்பரில், ஒரு தலைவரின் மறைவுக்காக மும்பை முடங்கியதைக் குறித்து முகநூலில் எழுதிய இளம்பெண்ணும், அதற்கு விருப்பக்குறி இட்ட தோழியும் மகாராஷ்டிரத்தின் பால்கரில் கைதானார்கள். அதைத் தொடர்ந்து எழுந்த சிரேயா சிங்கால் வழக்கில், 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அப்பிரிவை அடியோடு நீக்கியது. அதன் பிறகும் சில காவல் நிலையங்களில் அப்பிரிவிலேயே வழக்குகள் பதிவானதால், அதன்கீழ் யார்மீதும் வழக்கு நடத்தக் கூடாது என்று 2022 அக்டோபரில் மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது.

அதற்காக எதையும் எழுதிவிடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். அவதூறு இன்னும் குற்றம்தான். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் இரண்டாண்டுவரை சிறைத் தண்டனைக்கு இடமிருக்கிறது. சொன்னது உண்மை என்பது மட்டும் போதாது, பொதுநன்மைக்காகச் சொன்னதாகவும் இருக்க வேண்டும். "இந்தத் திட்டம் வீண்" என்று தாராளமாக எழுதுங்கள். "இந்த அதிகாரி பணம் வாங்கிவிட்டார்" என்று எழுதுவதற்கு முன் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

கேள்வி: இணையத்தில் அந்நியர் ஒருவரிடம் நீங்கள் தோற்றதுண்டா?
*இல்லத்தரசி, சேலம்*

பதில்: உண்டு. 2023 மே 19 அன்று 2000 ரூபாய் நோட்டுகளைத் திரும்பப் பெறுவதாக ரிசர்வ் வங்கி அறிவித்த இரவு, '2016 நவம்பர் திரும்பவும் வந்துவிட்டது, இனி இந்த நோட்டு செல்லாது' என்று அழுத்தம்திருத்தமாக எழுதினேன். யாரோ ஒருவர், ஒரு வசைச்சொல்லும் இல்லாமல், அறிவிப்பின் அந்தப் பத்தியை மட்டும் கீழே ஒட்டினார்: நோட்டு சட்டப்படி செல்லத்தக்கதாகவே நீடிக்கும். பதிவை அழித்துவிடலாம் என்று விரல் வரை வந்தது. அழிக்காமல், 'தவறாக எழுதிவிட்டேன், கீழே உள்ளவர் சொல்வதே சரி' என்று சேர்த்தேன். அவர் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போனார். அதன்பின் நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.