அமெரிக்காவில் செய்த சைக்கிள் ஹாரோ வாசலுக்கு வரும்போது என்ன விலை?

கேள்வி: வணக்கம் ஐயா. லண்டன் ஹாரோவில் கணவர், இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறேன். மருத்துவமனையில் தாதியாக வேலை. போகவர சைக்கிள்தான். என் உயரம் 4 அடி 10 அங்குலம். கடையில் விற்கும் எந்தச் சைக்கிளும் எனக்குச் சரியாகப் பொருந்தவில்லை. கழுத்தும் மணிக்கட்டும் ஓயாமல் வலிக்கின்றன. அமெரிக்காவில் போர்ட்லண்ட் நகரில் ஒருவர் உடல் அளவெடுத்துக் கையால் இரும்புப் பிரேம் செய்கிறார். முழுச் சைக்கிளுக்கு நம் காசில் 5,000 பவுண்ட், அனுப்பும் செலவும் காப்புறுதியும் 300. அதில் பிரேமும் ஃபோர்க்கும் மட்டும் 2,800. செய்து முடிக்க எட்டு மாதம் ஆகும், பாதிப் பணம் இப்போதே வேண்டும் என்கிறார். சேமிப்பில் 14,000 பவுண்ட் இருக்கிறது. வீட்டுச் செலவு மாதம் 2,900 வரை. சுங்க வரி எவ்வளவு வரும்? பெட்டியில் ‘அன்பளிப்பு’ என்று எழுதி விலையைக் குறைத்துப் போடச் சொன்னால் வரி வராது என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு, முதலில் ஒன்று. தினமும் வேலைக்கு ஓட்டும் வண்டி உடம்புக்குப் பொருந்த வேண்டும் என்று கேட்பது ஆடம்பரம் இல்லை. வாங்குங்கள். ஆனால் 5,300 பவுண்டை விலை என்று நினைத்து முற்பணம் அனுப்பிவிடாதீர்கள். உங்கள் வீட்டு வாசலில் அந்த வண்டி 7,250 பவுண்ட்.

எப்படி என்று பார்ப்போம். பிரித்தானியாவின் சுங்கப் பட்டியலில் சைக்கிள் 8712 என்ற தலைப்பில் வருகிறது. வரி 14 விழுக்காடு. அமெரிக்காவில் செய்த வண்டிக்கு அது முழுமையாகப் பொருந்தும். வண்டியின் விலையோடு அனுப்பும் செலவையும் காப்புறுதியையும் சேர்த்த மொத்தத்தின்மேல்தான் வரி போடுவார்கள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆக 5,300-க்கு 14 விழுக்காடு, 742 பவுண்ட். பிறகு 20 விழுக்காடு வாட். அதுவும் 5,300-க்கு அல்ல, சுங்க வரியையும் கூட்டிய 6,042-க்கு. 1,208 பவுண்ட் சொச்சம். வரிக்கு மேல் வரிதான், சட்டம் அப்படித்தான் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து 1,950. இதற்குமேல், உங்கள் சார்பில் வரியை முன்கூட்டிக் கட்டியதற்காகக் கூரியர் நிறுவனம் தன் கட்டணத்தையும் வாங்கும். சில நிறுவனங்கள் அதை வரித்தொகையில் இவ்வளவு விழுக்காடு என்று கணக்கிடுவதால், எந்தக் கூரியரில் அனுப்பப்போகிறார் என்று இப்போதே கேட்டுவைப்பது நல்லது.

அடுத்தது உறவினர் சொன்ன வழி. அது வேண்டவே வேண்டாம். ஒரு தனி ஆள் இன்னொரு தனி ஆளுக்குக் காசு வாங்காமல் அனுப்புவதுதான் அன்பளிப்பு. அதற்கும் 39 பவுண்ட் வரைதான் வாட் விலக்கு. விலைக்கு வாங்கிய சைக்கிளை அன்பளிப்பு என்று எழுதுவது பொய்ப் பத்திரம். பெட்டியைப் பிடித்து வைக்கவும் அபராதம் போடவும் அதிகாரிகளுக்கு உரிமை உண்டு. உங்களுக்கு அதைவிடப் பெரிய இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது. வழியில் பெட்டி நசுங்கிப் பிரேம் வளைந்தால், எழுதிய மதிப்புக்குமேல் இழப்பீடு கிடைக்காது. 200 பவுண்ட் என்று எழுதியிருந்தால் 200 பவுண்ட்தான். இரண்டாயிரத்தை மிச்சம் பிடிக்கப் போய் ஐந்தாயிரத்தைப் பணயம் வைக்கச் சொல்கிறார் உங்கள் உறவினர்.

வரியைக் குறைக்க நேர்மையான வழியே இருக்கிறது. சைக்கிளுக்கு 14 விழுக்காடு. ஆனால் பிரேமும், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கும் உதிரிப்பாகம் என்ற தலைப்பில் வருவதால் அவற்றுக்கு 4 விழுக்காடுதான். உங்கள் அளவுக்கென்று செய்ய வேண்டியது பிரேம் ஒன்றுதான். சின்னச் சக்கரம், குறுகிய ஹேண்டில்பார், பெடல் பூட்டும் குட்டையான கிராங்க் எல்லாம் உங்கள் உயரத்துக்கு ஏற்ற அளவில் இங்கேயே கிடைக்கும். பிரேமையும் ஃபோர்க்கையும் மட்டும் வரவழைத்தால் கணக்கு இப்படி: 2,800 பவுண்ட், சிறிய பெட்டி என்பதால் அனுப்பும் செலவு 200 என்று வைத்துக்கொள்வோம். 3,000-க்குச் சுங்க வரி 120, வாட் 624, மொத்தம் 3,744. கியர், பிரேக், சக்கரம் எல்லாம் இங்கே வாட் உட்பட 2,600-க்குள் வாங்கி, நல்ல கடை ஒன்றில் பூட்டுவதற்கு 250 கொடுத்தாலும் 6,594 பவுண்டில் வண்டி நிற்கும். முழுச் சைக்கிளாக இறக்குவதைவிட அறுநூறுக்குமேல் குறைவு. உதிரிப்பாக விலையைக் கடையில் விசாரித்து என் 2,600-ஐத் திருத்திக்கொள்ளுங்கள்.

பண மிச்சத்தைவிட, பின்னால் வரும் வசதிக்காகவே இந்த வழியை நான் விரும்புகிறேன். கியர் பழுதானால் நீங்கள் போய் நிற்க ஒரு கடை இங்கே இருக்கும். 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் அந்தக் கடையைக் கட்டுப்படுத்தும். போர்ட்லண்டில் இருப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஒரு பிரேக்குக்காக அட்லாண்டிக் கடலைத் தாண்டி வழக்காட முடியாது. ஒரு எச்சரிக்கை: முழுச் சைக்கிளையும் அவரிடமே வாங்கி, அதைக் கழற்றி இரண்டு பெட்டியில் போட்டு அனுப்பச் சொல்லி 4 விழுக்காடு கேட்கக் கூடாது. பூட்டாமல் வந்தாலும் முழுச் சைக்கிள் முழுச் சைக்கிள்தான் என்பது சுங்க வகைப்பாட்டின் பொதுவிதி.

ஐரோப்பாவில் செய்தவரிடம் வாங்கினால் என்ன என்று கேட்பீர்கள். பிரெக்சிற்றுக்குப் பிறகான வணிக ஒப்பந்தப்படி, அங்கேயே உருவான பொருள் என்று விற்பவர் இன்வாய்ஸில் உறுதிமொழி எழுதித் தந்தால் சுங்க வரி இல்லை; வாட் மட்டும்தான். ஆனால் இத்தாலியிலோ ஜெர்மனியிலோ இருந்து வந்தது என்பது மட்டும் போதாது. ஜப்பான், தைவான் பாகங்கள் வண்டியின் விலையில் பெரும்பங்காக இருந்தால் அந்தச் சலுகை கிடைக்காது. அங்கிருந்து வாங்கினால் அந்த நாட்டு வாட்டைக் கழித்த விலையைக் கேளுங்கள். இத்தாலியில் அது 22 விழுக்காடு. கழிக்காமல் கொடுத்தால் இரண்டு நாட்டுக்கும் வாட் கட்டுவீர்கள்.

உள்நாட்டிலும் கையால் பிரேம் செய்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் ‘சைக்கிள் டு வேர்க்’ திட்டத்தில் இருப்பார்கள்; வேலை கொடுப்பவர் வண்டியை எடுத்துத் தந்து, அதன் தொகையை வரி கழிப்பதற்கு முன்பே ஊதியத்தில் பிடித்துக்கொள்ளும் திட்டம் அது. தாதியான உங்களுக்கு இது முக்கியம். அடிப்படை வருமான வரி 20, தேசியக் காப்புறுதி 8 என்று ஊதியத்திலிருந்து பிடிக்கும் தொகையில் 28 விழுக்காடு மிஞ்சும்; 5,500 பவுண்ட் வண்டிக்கு அது 1,540. உங்கள் மருத்துவமனைத் திட்டத்தில் உச்சவரம்பு எவ்வளவு, முடிவில் வண்டியை உங்கள் பெயருக்கு மாற்ற என்ன கட்டணம், ஓய்வூதியக் கணக்கில் எவ்வளவு குறையும் என்று ஊதியப் பிரிவில் கேட்ட பிறகே போர்ட்லண்டுக்கு முடிவு சொல்லுங்கள். இந்தக் கேள்விக்குத் திருப்தியான பதில் வந்தால், கடல் கடந்து வாங்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

முற்பணம்தான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. எட்டு மாதம் என்பது ஒரு சிறு பட்டறைக்கு நீண்ட காலம். 1946-இல் தொடங்கி டெர்பியில் கையால் பிரேம் செய்துவந்த மெர்சியன்கூட 2024-இல் கதவை மூடியது. பிறகு உள்ளூர்க்காரர்கள் கைகொடுத்ததால் பிழைத்தது. ஆகவே வங்கி மாற்றலாக அனுப்பாதீர்கள். கிரெடிட் கார்டில் கட்டுங்கள். 100 பவுண்டுக்கு மேலும் 30,000 வரையும் விலையுள்ள பொருளுக்கு, நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவுப்படி விற்றவரோடு கார்டு நிறுவனமும் பொறுப்பு. முற்பணத்தை மட்டும் கார்டில் கட்டியிருந்தாலும் முழு விலைக்கும் அந்தப் பொறுப்பு உண்டு. வெளிநாட்டில் வாங்கியதற்கும் இது செல்லும் என்று 2007-இல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையே தீர்ப்பளித்தது. இடையில் பேபால் போன்ற ஒன்று நுழைந்தால் இந்தப் பாதுகாப்பு அறுந்துபோகலாம். நேராகக் கார்டில் வாங்குகிறாரா என்று கேளுங்கள். வெளிநாட்டுக் கட்டணம் வாங்காத கார்டாகப் பாருங்கள். பல கார்டுகள் 3 விழுக்காட்டை ஒட்டி வாங்குகின்றன; 5,300-க்கு அது 159 பவுண்ட். அடுத்த மாதமே சேமிப்பிலிருந்து அடைத்துவிடுங்கள், வட்டி ஏற விடாதீர்கள்.

இன்னொன்றையும் யோசித்துக் கையெழுத்திடுங்கள். இணையத்தில் வாங்கினால் 14 நாளில் ரத்து செய்யலாம் என்ற உரிமை, உங்கள் அளவுக்கென்றே செய்த பொருளுக்கு இல்லை. அளவுப் படத்தை வரைந்து அனுப்பி, நீங்கள் சம்மதித்த பிறகே குழாயை வெட்ட வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். ஒப்பந்தத்துக்கு மாறாக வந்து திருப்பி அனுப்ப நேர்ந்தால், கட்டிய வரியை ஓராண்டுக்குள் பிரித்தானிய வரித்துறையான எச்எம்ஆர்சியிடம் திரும்பக் கேட்கலாம். கூரியர் தவறான தலைப்பில் போட்டு அதிகம் வசூலித்திருந்தால் மூன்று ஆண்டு அவகாசம். இரண்டுக்கும் தாள் வேண்டும்: இன்வாய்ஸ், வரி கட்டிய ரசீது, கடிதப் போக்குவரத்து எல்லாம்.

உங்கள் சேமிப்பைப் பார்க்கிறேன். முழுச் சைக்கிளாக வாங்கினால் மீதி 6,750. இரண்டு மாதச் செலவைவிடச் சற்றே அதிகம். பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு அது போதாது. மூன்று மாதச் செலவான 8,700-ஐத் தொடாமல் வைத்தால் இன்று நீங்கள் செலவழிக்கக்கூடியது 5,300. பிரேம் வழிக்கு 1,300 பவுண்ட் போதவில்லை. நல்லவேளை, எட்டு மாதம் கையில் இருக்கிறது. மாதம் 165 பவுண்ட் தனியாக எடுத்து வைத்தால் வண்டி வரும்போது அந்தப் பள்ளம் நிரம்பிவிடும். டொலர் ஏறினால் மீதித் தொகை கூடும் என்பதால் முடிந்தால் 200 ஆக வையுங்கள். சுங்க மதிப்பையும் எச்எம்ஆர்சி தான் வெளியிடும் மாற்றுவிகிதத்தில்தான் கணக்கிடும், நீங்கள் கட்டிய நாளின் விகிதத்தில் அல்ல.

வண்டி வந்த அன்றே வீட்டுக் காப்புறுதி நிறுவனத்தை அழையுங்கள். பெரும்பாலான பொலிசிகளில் தனிப்பொருள் ஒன்றுக்கு ஒரு உச்சவரம்பு இருக்கும், மருத்துவமனை வாசலில் பூட்டி வைத்தது களவு போனால் அதில் சேராமலும் இருக்கலாம். பிரேமில் பொறித்த எண்ணையும் வரி உட்பட்ட முழு விலையையும் அவர்களிடம் பதிந்துவிடுங்கள்.