முக்கால் எட்டு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. உடன் பணிபுரியும் தோழி, முதல் வாரத்திலேயே தன்னை 'டு' என்று ஒருமையில் அழைக்கச் சொல்லிவிட்டார். சென்ற வாரம் இருவரும் ரயிலில் வெளியூர் போக வேண்டியிருந்தது. "ஸை பிட்டே உம் ஆக்ட் ஊர் டா" (தயவுசெய்து எட்டு மணிக்கு அங்கே இரு) என்று செய்தி அனுப்பினேன். "யாவோல்! ட்ரை ஃபியர்ட்டல் ஆக்ட்" (உத்தரவு! முக்கால் எட்டு) என்று பதில் வந்தது. அவர் 8.45க்கு வருவார் என்று எண்ணி நான் 8.30க்குப் போனேன், அவரோ 7.45 முதல் நின்றுகொண்டிருந்தார். 'பிட்டே' (தயவுசெய்து) போட்டும் என் செய்தி அதிகாரமாக ஒலித்தது என்கிறார். என்ன தவறு? நண்பர்களிடம் மணி கேட்பது எப்படி என்றும் சொல்லுங்கள்.

க.

அன்புள்ள க.,

நீங்கள் செய்தவை இரண்டு தனித்தனிப் பிழைகள். எளிதானதை முதலில் சொல்லிவிடுகிறேன். குழந்தைக்கு ஏழு வயது நிறைந்ததும் 'எட்டு நடக்கிறது' என்கிறோம் அல்லவா, ஜெர்மானியர் கடிகாரத்தை அப்படித்தான் பார்க்கிறார்கள். ஏழு மணி அடித்தவுடன் எட்டாவது மணி நடக்கத் தொடங்கிவிடுகிறது. அதில் பாதி போனால் 'ஹால்ப் ஆக்ட்', அதாவது நம்முடைய ஏழரை. இது நாடு முழுவதும் வழங்குவது. முக்கால் பங்கு போனால் 'ட்ரை ஃபியர்ட்டல் ஆக்ட்', கால் பங்கு போனால் வெறும் 'ஃபியர்ட்டல் ஆக்ட்' (7.15) என்பவை, நீங்கள் இருக்கும் சாக்சனி உள்ளிட்ட கிழக்குப் பகுதிகளிலும் தெற்கில் பல இடங்களிலும் கேட்கும் வழக்கு. ஹாம்பர்க்காரர் 7.45ஐ 'ஃபியர்ட்டல் ஃபோர் ஆக்ட்', எட்டுக்குக் கால் மணி முன்பு, என்பார். ஐயம் வந்தால் எண்ணில் எழுதிக் கேட்டுவிடுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

'பிட்டே' விஷயம்தான் நின்று பேச வேண்டியது. தமிழில் ஒரு நண்பரிடம் "தயவுசெய்து எட்டு மணிக்கு வந்துவிடு" என்று சொல்லிப் பாருங்கள். பணிவாகவா ஒலிக்கிறது? நேற்றே தாமதமாக வந்தவரிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வதைப் போல இருக்கிறது. ஏவல் வினையோடு ஒட்டிய 'பிட்டே'யும் சில இடங்களில் அப்படித்தான். பெர்லின் சுரங்க ரயிலில் கதவு மூடும் முன் "ஸுரூக்பிளைபென் பிட்டே", விலகி நில்லுங்கள், என்று அறிவிக்கும்போதும் அதே 'பிட்டே' வருகிறது, அங்கே மறுப்பதற்கு இடமே இல்லை. உங்கள் தோழி சிப்பாய் அதிகாரிக்குச் சொல்வதைப் போல 'யாவோல்!' என்றது அதனால்தான்.

'டு'வுக்கு மாறியதும் மரியாதையின் வேலை முடிந்துவிட்டது என்று நம்மவர் பலர் நினைத்துவிடுகிறார்கள். தமிழில் 'வா', 'வாங்க' என்று வினைமுற்றிலேயே மரியாதை தெரிந்துவிடுவதால் வரும் பழக்கம் இது. ஒருமையில் பேசும்போது ஜெர்மானியர் கனிவை வேறு இடத்தில் வைக்கிறார்கள். ஒன்று, கட்டளையைக் கேள்வியாக்குவது: "கென்டெஸ்ட் டு உம் ஆக்ட் டா ஸைன்?", எட்டுக்கு வந்துவிட முடியுமா என்பது. இதில் 'கெ' என்று நான் எழுதியிருப்பதை உதட்டைக் குவித்துக்கொண்டு சொல்ல வேண்டும், ஜெர்மனில் எழுதும்போது அந்த உயிரெழுத்தின் (ö) மேல் இரண்டு புள்ளிகள் விடுபட்டால் அது இறந்தகாலமாகி, "உன்னால் எட்டுக்கு வர முடிந்ததா?" என்று விசாரிப்பதாகிவிடும். மற்றொன்று, 'மால்', 'டொக்' போன்ற சிறு சொற்கள். அகராதியில் இவற்றுக்குப் பொருள் தேடினால் குழப்பம்தான் மிஞ்சும், ஆனால் தமிழருக்கு இவை அந்நியம் அல்ல. 'சொல்லு' என்பது 'கொஞ்சம் சொல்லு' ஆகும்போது 'கொஞ்சம்' செய்வதை 'மால்' செய்கிறது. 'வா' என்பது 'வாயேன்' ஆகும்போது அந்த 'ஏன்' செய்வதை 'டொக்' செய்கிறது. "கொம் டொக் உம் ஆக்ட் ஃபோர்பை" என்றால் எட்டு மணிக்கு வந்துட்டுப் போயேன் என்பதுதான்.

உங்கள் செய்தியை நான் இப்படி எழுதியிருப்பேன்: "கென்டெஸ்ட் டு மோர்கன் உம் ஆக்ட் ஆம் பான்ஹோஃப் ஸைன்? ஓடர் பாஸ்ட் எஸ் டிர் ஷ்பேட்டர் பெஸ்ஸர்?" நாளை எட்டுக்கு நிலையத்தில் இருக்க முடியுமா, இல்லை, பிறகு வந்தால் உனக்கு வசதியா என்பது. நேரம் முன்பின் ஆகலாம் என்றால் 'இத்தனை மணிக்கு' என்று குறிக்கும் 'உம்' என்பதை 'கேகென்' என்று மாற்றினால் போதும், 'எட்டு மணி வாக்கில்' ஆகிவிடும். ரயிலுக்கு மட்டும் 'உம்'மே இருக்கட்டும்.

மணி கேட்பதற்கு "ஸாக் மால், வீ ஷ்பேட் இஸ்ட் எஸ்?" என்பது நண்பர்களுக்குள் சரியாக இருக்கும். "வைஸ்ட் டு, வீ ஷ்பேட் எஸ் இஸ்ட்?", மணி என்ன தெரியுமா, என்றும் கேட்கலாம், அதன் நடுவே 'ஐகெண்ட்லிஷ்' என்ற சொல்லை மட்டும் நுழைத்துவிடாதீர்கள். நுழைத்தால், நள்ளிரவில் வீடு திரும்பும் மகனிடம் அம்மா கேட்கும் "மணி என்ன ஆச்சு தெரியுமா?" ஆகிவிடும். முக்கால் மணி நேரம் நடைமேடையில் நின்ற பிறகும் உங்கள் தோழி அதைக் கேட்கவில்லை என்றால், மிகவும் பொறுமைசாலிதான்.